முதுகு வலின்னா முதல்ல யார்கிட்ட போறது? சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சுல ஆரம்பச் சுகாதாரத்தை, அதாவது உடம்புக்கு ஒண்ணுன்னா ஜனங்க முதல்ல போற இடங்களைப் பார்த்துக்கிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரோட வடக்குப் பக்கம் ஒரு வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்கிற ஜிபி, அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்ல கவுண்டர்ல வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. பேர் பதியறது, மானியத்துக்கான சாஸ் கார்டு பார்க்கிறது, மருந்து எடுத்துக் குடுக்கிறது, வயசானவங்களை அரசாங்கத்தோட ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்துல பதிஞ்சு விடுறது, இதான் என் வேலை. ஆனா டாக்டர் ரூமுக்குள்ள சொல்லாத எத்தனையோ விஷயத்தை ஜனங்க கவுண்டர்ல வந்து சொல்லுவாங்க, அதுவும் தமிழ்ல பேசுற முகம் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா பணம் கட்டுற நேரத்துல வீட்டுக் கதை, உடம்புக் கதை எல்லாம் வந்துரும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுறேன்.

விஷயம் கைரோபிராக்டர்கள் பத்தினது, அதாவது முதுகுத்தண்டையும் கழுத்தையும் கையால அழுத்தித் திருப்பி வலிக்கு வைத்தியம் பார்க்கிறவங்க. முதுகு வலி, கழுத்துப் பிடிப்பு, இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்கிற வலி, இதுக்கெல்லாம் இப்ப நிறைய பேர் முதல்ல போறது அரசாங்க பாலிகிளினிக்கும் இல்ல எங்க மாதிரி கிளினிக்கும் இல்ல, நேரா கைரோகிட்டதான் போறாங்க. அங்க போயிட்டு, பணமும் போயிட்டு, வலி போகலைன்னா அப்புறம் எங்ககிட்ட வர்றாங்க. சில பேருக்கு வலி நல்லாவே குறைஞ்சிருக்கு, அவங்க எங்ககிட்ட வர்றதே இல்ல, அதையும் நான் ஒத்துக்கணும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: கைரோபிராக்டர்கள் ஏற்கனவே ஆரம்பச் சுகாதாரத்துல ஒரு வேலையைச் செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க, ஆனா அந்த வேலைக்கு உண்டான பொறுப்பை அரசாங்கம் அவங்க மேல வைக்கவே இல்ல. சட்டப்படி பதிவு கிடையாது, குடும்ப டாக்டரோட எந்தத் தொடர்பும் கிடையாது. இதை இப்படியே விடக் கூடாது. பதிவு கொண்டு வாங்க, அந்தப் பதிவோட கடமையும் கொண்டு வாங்க.

ஜனங்க ஏன் அங்க போறாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். எங்க டாக்டர் நல்லவர், ஆனா வெளிய இருபது பேர் உக்காந்திருக்கிறப்ப ஒரு முதுகு வலிக்கு அவரால எவ்வளவு நேரம் குடுக்க முடியும், கேக்குறாரு, காலைத் தூக்கிப் பார்க்கிறாரு, வலி மாத்திரை, தசை இளகுற மாத்திரை, ரெண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்சி சீட்டு, அடுத்தவங்க. பாலிகிளினிக் போனா பிசியோவுக்கு எழுதிக் குடுப்பாங்க, மானியம் உண்டு, ஆனா தேதி வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள வாடகைக் கார் ஓட்டுறவருக்கோ, சாங்கில ராத்திரி ஷிப்ட் பார்க்கிற செக்கியூரிட்டி அண்ணனுக்கோ பொழப்பு ஓடணும்ல. கைரோகிட்ட போனா உக்கார வச்சு அரை மணி நேரம் பேசுறாங்க, முதுகுத்தண்டு மாடலைக் கையில வச்சுக் காட்டுறாங்க, வலிக்கிற இடத்துல கை வைக்கிறாங்க. கை வைக்கிறதுங்கிறது சின்ன விஷயம் இல்லைங்க. ஊர்ல சுளுக்கு வழிக்கிற பாட்டி, எண்ணெய் போட்டு நரம்பு நீவி விடுற தாத்தா, இவங்ககிட்ட வளர்ந்த ஜனங்களுக்குத் தொட்டுப் பார்க்காத வைத்தியம் வைத்தியமாவே தெரியாது. "டாக்டர் என் முதுகைப் பார்க்கவே இல்லம்மா, கம்ப்யூட்டரைத்தான் பார்த்தாரு"ன்னு என்கிட்ட சொன்ன பெரியவங்க ரொம்பப் பேர். அந்தக் குறையில நியாயம் இருக்கு.

இன்னொண்ணு, இந்த வைத்தியத்துக்கு ஆதாரமே இல்லன்னு ஒரேயடியாத் தள்ளிவிடவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு, அதுல நோயாளிக்கு விளக்கிச் சொல்றது, உடற்பயிற்சி, மனசு சார்ந்த சிகிச்சை இதெல்லாம் சொல்லிட்டு, முதுகுத்தண்டைக் கையால அழுத்தித் திருப்புற சிகிச்சையையும் மசாஜையும் நிபந்தனையோட சேர்த்திருக்காங்க. இடுப்புப் பட்டை, இழுவை சிகிச்சை, ஓபியாய்டுங்கிற அபின் வகை வலி மாத்திரை இதெல்லாம் வழக்கமாக் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கிற டாக்டர்கள் அமைப்பும் 2017-ல இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி சூடு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், இந்தக் கைச் சிகிச்சை மாதிரி வழிகளைப் பாருங்கன்னுதான் சொல்லுச்சு. பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2016-ல கொஞ்சம் கறாரா, கைச் சிகிச்சை குடுக்கலாம், ஆனா உடற்பயிற்சியோட சேர்த்துத்தான் குடுக்கணும், தனியா வேண்டாம்னு சொல்லுச்சு. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா வர்றது இதான்: இடுப்பு வலிக்கு இது ஓரளவுக்கு உதவும், மத்த சிகிச்சைகளை விடப் பெருசா ஒண்ணும் ஒசத்தி இல்ல, பயிற்சியோட சேர்ந்தா நல்லது. உலகத்துல 2020-ல 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்துச்சுன்னு கணக்கு சொல்லுது. அவ்வளவு பேரை டாக்டர்களும் பிசியோக்களும் மட்டும் பார்த்து முடிக்க முடியாதுங்கிறது எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

அப்ப சிக்கல் எங்க இருக்கு? முதல்ல பார்க்கிற ஆள்ங்கிற அந்த இடத்துலதான் இருக்கு.

முதல்ல பார்க்கிறவங்களோட பெரிய வேலை வைத்தியம் பண்றது கூட இல்லைங்க, இது எனக்குரிய கேஸ் இல்லன்னு கண்டுபிடிக்கிறதுதான். முதுகு வலின்னு வர்ற நூறு பேர்ல பெரும்பாலானவங்களுக்கு பயப்பட ஒண்ணும் இருக்காது, சில வாரத்துல தானாவே குறையும். ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ள எப்பவாவது ஒருத்தருக்கு உக்கார்ற இடம் மரத்துப் போயிருக்கும், ஒண்ணுக்கு வர்றது தெரியாது, ரெண்டு காலும் வலுவிழந்துக்கிட்டு வரும், அது நரம்புக் கொத்து நசுங்குற அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, ஏ அண்ட் ஈக்குப் போகணும், தள்ளிப் போட்டா வாழ்நாள் முழுக்க மூத்திரப்பை வேலை செய்யாமப் போகலாம். இன்னொருத்தருக்குப் பல வருஷத்துக்கு முன்னாடி வந்த மார்பகப் புற்றுநோயோ புராஸ்டேட் புற்றுநோயோ இப்ப முதுகெலும்புக்கு வந்திருக்கும். எழுபது வயசு தாண்டின அம்மாவுக்கு எலும்பு பொறுபொறுன்னு ஆகி முதுகெலும்பு ஒண்ணு சத்தமில்லாம நொறுங்கி இருக்கும், அதைப் போய் அழுத்தித் திருப்பக் கூடாது. ராத்திரி வலி, காய்ச்சல், எடை குறையறதுன்னு வந்தா முதுகெலும்புல காசநோயான்னும் யோசிக்கணும், நம்ம ஆளுங்களுக்கும் கட்டுமான வேலைக்கு வந்திருக்கிற தம்பிங்களுக்கும் இது ஒண்ணும் நடக்காத விஷயம் இல்ல. இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்கிற மருந்து சாப்பிடுறவங்க வேற இருக்காங்க.

கழுத்து இன்னும் கவனமாப் பார்க்க வேண்டிய இடம். கழுத்துல மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாயோட உள் சுவர் கிழிஞ்சா பக்கவாதம் வரலாம். கழுத்தைத் திருப்புற சிகிச்சைக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு இருக்கிறதா ஆய்வுகள் காட்டுது, ஆனா சிகிச்சைதான் காரணமான்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னும், அப்படி ஒரு தொடர்பு இருக்கிறதை நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லணும்னும் அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல சொல்லுச்சு. ரொம்ப அபூர்வமா நடக்கிறதுதான், யாரையும் பயமுறுத்த எழுதல. ஆனா யோசிச்சுப் பாருங்க, குழாய் ஏற்கனவே கிழிஞ்சிருந்தா அவருக்கு முதல்ல தெரியறதே கழுத்து வலியும் தலைவலியும்தான், அந்த வலிக்காகவே அவர் கைரோகிட்ட போயிருக்கலாம். ஆக சிகிச்சையால கிழிஞ்சுச்சா, கிழிஞ்ச கழுத்தோட சிகிச்சைக்குப் போனாரான்னு நிபுணர்கள் விவாதம் பண்ணட்டும், எது உண்மையா இருந்தாலும் அந்த முதல் ஆள் திடீர்னு வந்த புதுவிதமான கழுத்து வலி, தலைசுத்தல், ரெட்டையாத் தெரியறது, பேச்சு குழறுறது இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சு ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்ல. அந்த ஆளுக்கு அது தெரியும்னு இப்ப நம்ம நாட்டுல யார் உறுதி குடுக்கிறா?

நல்ல கைரோபிராக்டர்களுக்கு இது தெரியும். எங்க கிளினிக்குக்கு ஒரு தடவை ஒரு அண்ணன் கையில ஒரு பக்கத்துக்கு டைப் பண்ணின லெட்டரோட வந்தாரு, அவர் முதல்ல போன கைரோபிராக்டர் எழுதிக் குடுத்தது. காலைச் சோதிச்சதுல என்ன தெரிஞ்சுச்சு, எந்த நரம்பு மேல சந்தேகம், நான் எந்தச் சிகிச்சையும் பண்ணல, தயவு செஞ்சு இன்னைக்கே பாருங்கன்னு தெளிவா எழுதியிருந்துச்சு. டாக்டர் படிச்சிட்டு நேரா ஏ அண்ட் ஈக்கு அனுப்பினாரு. அந்த கைரோ அன்னைக்குப் பணம் கூட வாங்கலையாம். ஆரம்பச் சுகாதாரத்துல ஒரு கைரோபிராக்டரோட பங்கு என்னன்னு என்னைக் கேட்டா நான் அந்த லெட்டரைத்தான் காட்டுவேன்.

அதே மாதிரி வேற ஒரு அம்மா. முன்னாடி மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணினவங்க, முதுகு வலின்னு ஒரு இடத்துக்கு மகனோட போயிருக்காங்க, அங்க நிரப்பக் குடுத்த ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ், மகன் அவசரத்துல எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு டிக் அடிச்சுக் கையெழுத்து போட வச்சுட்டாரு, யாரும் அவங்க முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து ஒரு கேள்வி கேக்கல. அவங்க ஒரு பேக்கேஜ் எடுத்து வாரா வாரம் போயிட்டு, வலி கூடிக்கிட்டே போகுதுன்னு எங்ககிட்ட வந்தப்பதான் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதி ஸ்கேன் எடுக்க அனுப்பினாரு. அந்த அம்மாவோட மத்த விவரத்தை எழுத எனக்கு உரிமை இல்ல. பழைய நோயைப் பத்தித் தமிழ்ல ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த அம்மா தானாச் சொல்லியிருப்பாங்க, என்கிட்ட கவுண்டர்ல கேக்காமலே சொன்னாங்களே.

இந்த ரெண்டு இடத்துக்கும் வெளிய தொங்குற போர்டுல வித்தியாசம் தெரியாது. ரெண்டு பேரும் கைரோபிராக்டர்தான். யார் அஞ்சு வருஷம் முறையாப் படிச்சவங்க, யார் அவசரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்கன்னு வீட்டுல உக்காந்திருக்கிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பிசியோதெரபிஸ்ட்டுன்னு ஒருத்தர் பேர் போட்டுக்கணும்னா 2011-ல வந்த துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்படி மன்றத்துல பதிவு பண்ணி இருக்கணும், நம்ம போன்லயே பேரைத் தட்டிப் பார்த்துக்கலாம். சின்சேன்னா 2000-ல வந்த சீனப் பாரம்பரிய மருத்துவர் சட்டம் இருக்கு, வாரியம் இருக்கு, புகார் குடுக்கலாம், தப்பு பண்ணினா பதிவை ரத்து பண்ணலாம். கைரோபிராக்டருக்கு அப்படி ஒரு சட்டப் பதிவேடு கிடையாது. அவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, உறுப்பினர்களுக்கு விதி வச்சிருக்காங்க, அதை நான் மதிக்கிறேன், ஆனா சங்கத்துல சேர்ந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லாதப்ப சங்கத்தால வெளிய இருக்கிறவங்களை என்ன பண்ண முடியும்?

கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் போனா அங்க சட்டம் இருக்கு. மலேசியா 2016-ல கொண்டு வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்குள்ள கைரோபிராக்டிக்கும் ஒரு துறையா வந்துருச்சு. ஹாங்காங்குல 1993-ல இருந்தே பதிவுச் சட்டம். பிரிட்டன்ல 1994-ல சட்டம், பதிவு இல்லாம கைரோபிராக்டர்னு சொல்லிக்கிட்டா அது குற்றம். ஆஸ்திரேலியாவுல தேசிய வாரியம் இருக்கு, அந்த வாரியம் 2019-ல ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு முதுகுத்தண்டைத் திருப்புற சிகிச்சை பண்ண வேண்டாம்னு ஒரு இடைக்காலக் கொள்கை போட்டுச்சு. வாரியம்னு ஒண்ணு இருந்தாத்தானே அப்படி ஒண்ணைச் சொல்லவே முடியும். நம்ம ஊர்ல கைக்குழந்தையைத் தூக்கிட்டு யாராவது போனா வேண்டாம்னு சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?

டென்மார்க் இன்னும் ஒரு படி மேல. அங்க கைரோபிராக்டர்களுக்கு அரசாங்க அங்கீகாரம் 1990-கள்ல இருந்தே இருக்கு, நோயாளி நேராப் போகலாம், அரசாங்கம் செலவுல ஒரு பகுதியைக் குடுக்குது, ஓடென்ஸ் ஊர்ல இருக்கிற பல்கலைக்கழகத்துல அவங்க முதல் வருஷங்கள்ல டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களோட சேர்ந்தே பாடம் படிக்கிறாங்க. ஒரே கிளாஸ்ல உக்காந்து படிச்சவங்க பின்னாடி ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் எழுதத் தயங்க மாட்டாங்க இல்லையா. நாளைக்கே இங்க அப்படிப் பண்ணுங்கன்னு நான் கேக்கல, இங்க வேலை பார்க்கிற கைரோபிராக்டர்கள் வெளிநாட்டுல படிச்சிட்டு வர்றவங்கதான், ஆனா இது முடியாத காரியம் இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன்.

பதிவு பண்ணினா இந்த வைத்தியத்துல சொல்ற எல்லாத்தையும் அரசாங்கம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு அமைச்சுல யோசிக்கலாம். அந்தத் தயக்கம் எனக்குப் புரியுது. 1895-ல அமெரிக்காவுல டேவன்போர்ட் ஊர்ல பால்மர்ங்கிறவர் இதை ஆரம்பிச்சப்ப, முதுகெலும்பு லேசா விலகுறதுனாலதான் பெரும்பாலான நோயே வருதுன்னு சொன்னாரு, இன்னைக்கும் அதைச் சொல்லி ஆஸ்துமாவுக்கும் குழந்தை ராத்திரி படுக்கையை நனைக்கிறதுக்கும் சிகிச்சைன்னு விளம்பரம் பண்றவங்க உலகத்துல இருக்காங்க. ஆனா அதைத் தட்டிக் கேட்டது யாருன்னு பாருங்க, பிரிட்டன்ல சட்டப்படி அமைச்ச பொது கைரோபிராக்டிக் மன்றமே 2010-ல அந்த விலகல் கோட்பாடு பழைய வரலாற்றுக் கருத்து, அதுதான் நோய்க்குக் காரணம்னு சொல்ல மருத்துவ ஆதாரம் இல்லன்னு எழுதிக் குடுத்துச்சு. சட்டத்துக்குள்ள கொண்டு வந்ததாலதான் அவங்க துறையே அவங்களைத் திருத்த முடிஞ்சது. 2000-ல சீன வைத்தியத்துக்குச் சட்டம் போட்டப்பவும் நீங்க சின்சேவை டாக்டர்னு சொல்லல, அவங்க வேலைக்கு ஒரு எல்லை போட்டீங்க, ஜனங்களுக்குப் பாதுகாப்பு குடுத்தீங்க. அதையே இங்கயும் பண்ணுங்க.

பணம் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கவுண்டர்ல அழுகை வர்றது பாதி இதுக்குத்தான். மால்ல, எம்ஆர்டி பக்கத்துல மேசை போட்டு உங்க முதுகு நேரா இருக்கான்னு இலவசமாப் பார்க்கிறோம்னு கூப்பிடுவாங்க, முதல் தடவை சலுகை விலை, அப்புறம் ஒரு எக்ஸ்ரே, அந்தப் படத்தைக் காட்டி இப்பச் சரி பண்ணலன்னா பின்னாடி நடக்க முடியாமப் போகும்னு ஒரு பேச்சு, கடைசில சில ஆயிரம் வெள்ளிக்கு முன்பணம் கட்டுற பேக்கேஜ். எல்லாரும் இப்படின்னு சொல்லல, ஆனா இப்படிப் பண்றவங்க இருக்காங்க. நாற்பது வயசு தாண்டினவங்கள்ல நிறைய பேருக்கு முதுகை எக்ஸ்ரே எடுத்தா ஏதாவது தேய்மானம் தெரியும், வலியே இல்லாதவங்களுக்கும் தெரியலாம், அவசர அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண முதுகு வலிக்கு உடனே எக்ஸ்ரே வேண்டாம்னுதான் வழிகாட்டிகள் சொல்லுது. அந்த 'டக்'குன்னு வர்ற சத்தத்தைக் கேட்டு எலும்பு இடத்துக்கு வந்துருச்சுன்னு நம்புற ஜனங்களும் இருக்காங்க. 2015-ல கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல ஒரு விரல் மூட்டை எம்ஆர்ஐக்குள்ள வச்சு இழுத்துப் பார்த்தாங்க, மூட்டுத் திரவத்துக்குள்ள ஒரு வாயுக் குழி உண்டாகுறப்பதான் அந்தச் சத்தம் வருது, விலகின எலும்பு இடத்துக்கு வர்ற சத்தம் இல்ல அது. இதைத் தமிழ்ல எழுதி ஒரு பக்கம் ஒட்டி வச்சாலே பாதி பேர் பேக்கேஜ்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.

பேக்கேஜ் பாதில நின்னா, கடை மூடிட்டா, இப்ப ஜனங்க போறது கேஸ்ங்கிற பயனீட்டாளர் சங்கத்துக்கும் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கும். அங்க 20,000 வெள்ளி வரைக்கும் வழக்கு போடலாம், சரி. ஆனா அது சோபா வாங்கி ஏமாந்தாலும் போற இடம். உடம்பைப் பத்தின ஒரு முடிவை, வலியில இருக்கிற ஆளை உக்கார வச்சு, முன்பணம் வாங்கி எடுக்க வைக்கிறதை வெறும் வியாபாரப் பிரச்சினையா எப்படிப் பார்க்கிறது? இத்தனை தடவை வரணும்னு முதல் நாளே எப்படித் தெரியும்? சில தடவை பார்த்துட்டு முன்னேற்றம் இல்லன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட அனுப்புறதுதானே முறை. மருத்துவச் செலவுக்குன்னு சம்பளத்துல இருந்து சேர்க்கிற மெடிசேவ் பணம் இதுக்குக் கிடையாதுங்கிறதால எல்லாம் கைக்காசு, அதுவும் பெரும்பாலும் உடல் உழைப்புல சம்பாதிச்ச காசு. இப்போதைக்கு மெடிசேவைத் திறந்து விடுங்கன்னும் நான் கேக்க மாட்டேன், பதிவும் கணக்கும் இல்லாத இடத்துல ஜனங்களோட சேமிப்பைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு யோசிச்சாலே பயமா இருக்கு.

எம்சி விஷயமும் அப்படித்தான். கைரோகிட்ட போய் ரெஸ்ட் எடுங்கன்னு எழுதி வாங்கிட்டு வந்து முதலாளி ஒத்துக்கல அக்கான்னு நிப்பாங்க. வேலை நியமனச் சட்டத்துல பதிவு பெற்ற டாக்டர், பல் டாக்டர் எம்சிக்குத்தான் மதிப்பு, இது அவங்களுக்கு அங்க யாரும் சொல்லல.

இப்ப ஹெல்தியர் எஸ்ஜிக்கு வர்றேன். 2023 ஜூலைல ஆரம்பிச்சப்ப நீங்க சொன்னது, 40 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு குடும்ப டாக்டர், ஒரே இடத்துல உங்க உடம்பைப் பத்தின எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு. நான் அதை நம்பித்தான் எத்தனையோ பெரியவங்களைப் பதிஞ்சு விட்டேன், இன்னும் நம்புறேன். ஆனா அந்தப் பெரியவர் வாரா வாரம் கழுத்தைத் திருப்பிட்டு வர்றது எங்க டாக்டருக்குத் தெரியாது, அவர் ரத்த மெலிவு மருந்து சாப்பிடுறது அந்த கைரோவுக்குத் தெரியாது. தேசிய மின்னிலக்கச் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்தா ஆஸ்பத்திரி விவரம் இருக்கு, ரத்தப் பரிசோதனை இருக்கு, கைரோ போனது இல்ல. நோயாளியும் சொல்ல மாட்டாரு, டாக்டர் திட்டுவாரோன்னு ஒரு பயம். டாக்டரும் கேக்க மாட்டாரு, நேரம் இல்ல. நடுவுல ஒரு மனுஷனோட முதுகெலும்பு மாட்டிக்கிட்டு இருக்கு.

அதனால நான் கேக்கிறது: சட்டப்படி ஒரு பதிவேடு கொண்டு வாங்க, படிப்பைச் சரி பார்த்து, அவசர அறிகுறிகளைக் கண்டுபிடிக்கிறதுல ஒரு தேர்வு வச்சு, பாஸ் பண்ணினவங்க மட்டும் அந்தப் பேரைப் போட்டுக்கட்டும். பதிவு இருக்கிறவங்களுக்கு ஒரு கடமை வைங்க, முதல் தடவை பார்த்ததும் நோயாளி சம்மதிச்சா அவரோட குடும்ப டாக்டருக்கு ஒரு சின்ன லெட்டர் போகணும், என்ன கண்டுபிடிச்சாங்க, என்ன பண்ணப் போறாங்கன்னு. அதே மாதிரி அவங்க அனுப்புற ஆளை எங்க கிளினிக்குகளும் பாலிகிளினிக்கும் மதிச்சு வாங்கணும், கைரோ லெட்டர்னு தூக்கி ஓரமாப் போடக் கூடாது, இதை டாக்டர்களுக்கும் சொல்லுங்க. முன்பணப் பேக்கேஜுக்கு ஒரு உச்சவரம்பும், கையெழுத்து போட்ட பிறகு மனசு மாறினா சில நாளுக்குள்ள பணத்தை முழுசாத் திருப்பி வாங்குற உரிமையும் வேணும். குழந்தைங்க விஷயத்துல தனியா ஒரு கட்டுப்பாடு வேணும். நோய் வரலாறு கேக்கிற ஃபார்ம் நாலு மொழியிலயும் கட்டாயம் இருக்கணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய் விட்டுக் கேக்கணும், இதுல எந்தச் சலுகையும் வேண்டாம். இதோட பாலிகிளினிக்ல பிசியோ இடங்களையும் கூட்டுங்க, அங்க சீக்கிரம் தேதி கிடைச்சா மால்ல மேசை போட்டவங்க பின்னாடி யாரும் போக மாட்டாங்க.

இதைப் படிக்கிற கைரோபிராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை எதிரியா நினைச்சு நான் எழுதல. உங்கள்ல முறையாப் படிச்சு நேர்மையா வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவேடு ரொம்பத் தேவை, ஏன்னா இன்னைக்கு அடுத்த கடைக்காரர் பண்றதுக்கு நீங்களும் சேர்ந்து பேர் கெட்டுப் போறீங்க. சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த லெட்டர் எழுதுற பழக்கத்தை நாளைக்கே ஆரம்பிக்கலாம், பக்கத்து புளோக்குல எந்த ஜிபி இருக்காருன்னு பார்த்து ஒரு தடவை நேர்ல போய் வணக்கம் சொல்லலாம்.

அமைச்சு இதைப் பத்திப் பொதுமக்கள்கிட்ட கருத்து கேக்கப் போகுதா, எப்பக் கேக்கும், அப்படிக் கேக்கிறப்பத் தமிழ்லயும் கேக்குமான்னு எனக்குப் பதில் வேணும். கேட்டா எங்க கவுண்டருக்கு வர்ற பெரியவங்க சொல்றதை நான் எழுதிக் குடுக்கத் தயாரா இருக்கேன், அவங்ககிட்ட சொல்ல நிறைய இருக்கு.

இப்படிக்கு,
வடக்கு வட்டாரத்துல ஒரு ஜிபி கிளினிக் கவுண்டர்ல வேலை பார்க்கிறவள்